“வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்”: யார் அந்த நீங்கள்?

கேள்வி, 1 மார்ச் 2023

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வரும் 13ஆம் தேதி ரேடியேஷன் ஆரம்பம். 35 சிட்டிங், கூடவே வாரம் ஒரு கீமோ. இன்று பன்னிரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, “வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். வாய் கொப்பளிப்பது, பயிற்சி, எடை, தோல், மருந்து எல்லாம் நாங்களே. இதற்கு சுய பராமரிப்பு என்று அழகான பெயர் வேறு. தங்கள் வேலையை நோயாளி தலையில் கட்டுவதற்கு இன்னொரு பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச் 2023

எனக்கு நாக்கின் அடிப்பகுதியில் வந்தது. 2018-ல் இதே 35, இதே வாரக் கீமோ. எனக்குக் கொடுத்த தாளை அலமாரியில் போட்டுவிட்டு நான்காவது வாரம்தான் தேடி எடுத்தேன். ஆகவே நான் நல்ல பிள்ளை என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

உங்கள் கோபத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி: அப்பாவின் பல்லை யாராவது பார்த்தார்களா? ரேடியேஷனுக்குப் பிறகு தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்கப்புறம் பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இந்த ஆபத்து ஒரு வருடம் இரண்டு வருடத்தில் தீர்வதில்லை, ஆயுள் முழுவதும் இருக்கும். போகிற பல் இப்போதே போக வேண்டும். பிடுங்கினால் இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டும். உங்களிடம் பத்து நாள்தான் இருக்கிறது. நாளைக்கே கேளுங்கள்.

3 மார்ச் 2023, இரவு

இன்னொன்று. அப்பாவை வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஏன் என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்கேல் இல்லாவிட்டால் மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைத்துப் பார்த்தாலும் போதும்.

9 மார்ச் 2023

இரண்டு பல் எடுத்து, தொடக்கத்தை 20ஆம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஒரு வாரம் வீணாகிவிட்டதே என்று பதறாதீர்கள். எனக்கு ஒரு பல்லை “பரவாயில்லை, இருக்கட்டும்” என்று விட்டுவைத்தார்கள். அது இன்றும் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நானும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் கோபம். நான் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். அப்பா அந்த மெஷினில் படுத்திருப்பது ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் என்று வையுங்கள். 35 நாளுக்கு எட்டே முக்கால் மணி நேரம். ஏழு வாரத்தில் மொத்தம் 1,176 மணி நேரம் இருக்கிறது. மீதி 1,167 மணி நேரமும் அவருடைய வாய் அவரோடுதான் இருக்கும். அந்த நேரத்தை எந்த மருத்துவமனையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே வேலையைத் தலையில் கட்டுகிறார்கள் என்பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொடுக்காமல் தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படுங்கள். பயிற்சியை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள், அப்பாவைத் திரும்பச் செய்ய வையுங்கள், அதற்கப்புறம்தான் எழுந்து வர வேண்டும்.

அந்தத் தாளில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டீர்கள். வாய் கொப்பளிப்பது. ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். தினமும் புதிதாகக் கலந்து, விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். புண் வருவதை இது தடுக்காது. வந்த புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும், கோழை போல் இறுகும் எச்சிலை இளக்கும். புண் வந்தபிறகு இந்தப் பழக்கத்தை ஆரம்பிப்பது கஷ்டம், அதனால் முதல் நாளே ஆரம்பிக்க வேண்டும். கடையில் விற்கும் மவுத்வாஷ் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

10 மார்ச் 2023

ஐயோ. நேற்று எழுதியதில் இரண்டு தவறு. பேக்கிங் பவுடர் இல்லை, சமையல் சோடா. இரண்டும் ஒன்றல்ல. மவுத்வாஷும் எதுவானாலும் சரி என்பதில்லை: ஆல்கஹால் கலந்தது புண்ணில் பட்டால் நெருப்பு வைத்தது போல் இருக்கும். கிருமிநாசினி மவுத்வாஷ் என்று கடையில் தருகிற குளோர்ஹெக்ஸிடின் ரேடியேஷன் புண்ணைத் தடுக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள், இதற்காக அதைப் பரிந்துரைப்பதில்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. நான் அந்த நாட்களில் சோடாவைத்தான் போட்டேன், எழுதும்போது கை தவறிவிட்டது. கணக்கு எழுதியவள் என்று பீற்றிக்கொண்ட மறுநாளே இப்படி.

31 மார்ச் 2023

“பத்து சிட்டிங் முடிந்துவிட்டது, அப்பாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை, நீங்கள் எல்லோரும் சேர்ந்து பயமுறுத்திவிட்டீர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பத்தாம் நாள் வீட்டில் இதே வசனத்தைப் பேசினேன். பதினான்காம் நாள் தண்ணீர் குடித்தால் கண்ணீர் வந்தது.

மூன்றாவது வாரம் வரட்டும், பேசுவோம்.

8 ஏப்ரல் 2023

வந்துவிட்டது.

வலி மருந்து பற்றி: வலி வந்தபிறகு தேடிப் போடாதீர்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும், அது வேலை செய்கிற நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டும். மார்ஃபின் வகைக்குப் போனால் அன்றைக்கே மலச்சிக்கல் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். நான் அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆறு நாள் சும்மா இருந்தேன். தொண்டைப் புண்ணை மறக்கடிக்கிற அளவுக்கு ஒரு கஷ்டம் உண்டு என்று அந்த ஆறாவது நாள் தெரிந்துகொண்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எடை, எவ்வளவு உள்ளே போனது, வலி பத்துக்கு எத்தனை, மலம் கழிந்ததா. நான்கு பத்தி போதும். எடையை வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் பாருங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள். 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரை கிலோ. மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் நம்மவர்கள் எல்லோரும் “பரவாயில்லை” என்றுதான் சொல்லித் தொலைப்போம். நோட்டுப் புத்தகம் “பரவாயில்லை” என்று சொல்லாது.

காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் (பழைய தெர்மாமீட்டரில் 100.4) கீமோ ஓடுகிறவருக்கு அன்றைக்கே, அது இரவானாலும், போன் செய்ய வேண்டும். காதில் ரீங்காரம் கேட்டாலும் சொல்ல வேண்டும். கீமோவில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அப்பா சொல்லமாட்டார். கேளுங்கள்.

9 ஏப்ரல் 2023

தோலைப் பற்றிக் கேட்டவருக்கு: வாசனை கலந்த எதுவும் வேண்டாம். சவரம் என்றால் மின்சார ரேசர், அதுவும் மருத்துவமனையில் இருப்பவர்கள் சரி என்றால்தான். கழுத்தில் உரசாத பருத்தித் துணி. எந்தக் களிம்பு என்று அவர்களையே கேளுங்கள், சிட்டிங்குக்குக் கிளம்புமுன் அதைக் கனமாகப் பூசிக்கொண்டு போக வேண்டாம். இதற்குமேல் எனக்குத் தோலில் அனுபவம் கிடையாது. என் கழுத்து மட்டும் விசுவாசமாக இருந்தது.

16 ஏப்ரல் 2023

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், இனி நீ என்றே எழுதுகிறேன்.

அப்பா டியூப் வேண்டாம் என்கிறார். “டியூப் வைத்தால் முடிந்தது கதை” என்கிறார். நானும் இதையேதான் சொன்னேன். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பது என்றால் வாய் தோற்றுவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 30 கலோரி, ஒன்றரை கிராம் புரதம் என்று ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். என் அப்போதைய 60 கிலோவுக்கு 1,800 கலோரி, 90 கிராம். வாய் வழியாக நான் இறக்கிக்கொண்டிருந்தது 500-ஐத் தாண்டவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தப் பற்றாக்குறை புரியாமல் இல்லை, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. ஏழு கிலோ போனபிறகு ஒத்துக்கொண்டேன். நான்கு கிலோவிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத அந்த ஒரு வாரம் மிச்சம்.

ஆனால் அப்பாவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டியூப் வந்ததும் விழுங்குவதை விட்டுவிட்டால் விழுங்கும் தசைகள் வேலையை மறந்துவிடும். டியூப் சாப்பாட்டுக்கு, வாய் பயிற்சிக்கு என்று பிரித்துக்கொள்ளச் சொல். ஒரு நாளைக்குச் சில முறை, இரண்டு மடக்குத் தண்ணீராவது. பேச்சுப் பயிற்சியாளர் (விழுங்கக் கற்றுத்தருவதும் அவர்தான்) பாதுகாப்பு என்று சொன்ன பதத்தில், சொன்ன அளவில். அவர்கள் கற்றுத்தருவதில் ஒன்று நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே மெல்லப் பிடித்துக்கொண்டு விழுங்குவது. அதை வெறும் எச்சிலோடு மட்டும்தான் செய்ய வேண்டும், வாயில் உணவு இருக்கும்போது செய்தால் புரையேறும். இன்னொன்று, பெரிய மாத்திரையை விழுங்குவது போல் முழு பலத்தோடு விழுங்குவது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சிகள். ஆறாவது வாரத்தில் ஒரு முறை விழுங்குவதற்கு முன் நான் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

17 ஏப்ரல் 2023

வைத்துவிட்டார்களா, சரி. ஊட்டுமுன்னும் பின்னும் தண்ணீர் விட்டு அலச வேண்டும், எங்களுக்குச் சொன்னது 30 முதல் 60 மில்லி. படுத்தபடி ஊட்டக் கூடாது, முடிந்தபின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். மாத்திரையைப் பொடித்துப் போடுமுன் ஒவ்வொன்றையும் மருந்தாளரிடம் காட்டு: மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நொடியில் இறங்கும். டியூப் கழன்று வந்துவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்காதே. அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும்.

23 ஏப்ரல் 2023

“அப்பா ஒளிந்து ஒன்றிரண்டு இழுக்கிறார் போலிருக்கிறது, வாசனை வருகிறது.”

ரேடியேஷன் நடக்கும்போது புகைத்தால் சிகிச்சையின் பலன் குறையும், புண்ணும் ஆற நாளாகும். இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. நீ போலீஸ் வேலை பார்க்காதே. அவருக்கு ஏற்கெனவே வாய் இல்லை, ருசி இல்லை, இப்போது வீட்டில் மானமும் இல்லை என்றாகிவிடும். அவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் சொல். விடுவதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குவதும் பராமரிப்புதான்.

5 மே 2023

முப்பத்தைந்து! அப்பாவுக்கு என் வாழ்த்து.

அந்த மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களா? முகத்துக்கு அச்சு எடுத்தது போல் வலை வலையாக இருக்குமே, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்களே, அது. என்னுடையதை என் தம்பி ஒரு பல்பு மேல் கவிழ்த்து விளக்காக்கினான். இரவில் கரண்ட் போய் வந்தால் என் முகம் சுவரில் எரியும். இரண்டு நாள்தான் தாங்கினோம்.

ஒரு எச்சரிக்கை, சந்தோஷத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதே. கடைசி சிட்டிங் முடிந்ததும் நாளை முதல் ஏறுமுகம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரம்தான் மிக மோசம். மெஷின் நின்றாலும் அது ஆரம்பித்து வைத்தது நிற்காது. இவ்வளவு நாள் தினமும் யாராவது ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திங்கட்கிழமை முதல் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். போகுமுன் ஒரு போன் எண்ணும், அடுத்த தேதியும் வாங்கிக்கொண்டு வா.

20 மே 2023

நேற்று நீ எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாய், கொப்பளிக்க அலாரம் வைத்திருக்கிறாய், டியூப் முழுக்க உன் கையில், பயிற்சிக்கு எண்ணிக்கை சொல்வது நீ. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், எதைக் கேட்டாலும் “அவளைக் கேள்” என்கிறார். “நான் எல்லாம் சரியாகத்தானே செய்கிறேன் அக்கா?”

சரியாகத்தான் செய்கிறாய். நோட்டு போடு என்று ஏப்ரலில் உனக்குச் சொன்னேனே, அதுதான் தவறு. அப்பாவைப் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். என் நோட்டும் முதல் மூன்று வாரம் என் எழுத்து, அப்புறம் தம்பி எழுத்து. அவன் பாசத்தில் குறை சொல்லவே முடியாது. இரவு இரண்டு மணிக்கும் எழுந்து ஊட்டினான். நான் என்ன ஆனேன் தெரியுமா? ஒரு வயிறு ஆனேன். மணிக்கு மணி நிரப்பி, அலசி, மூடி வைக்கிற வயிறு. மருத்துவரிடம் போனால் அவர் தம்பியைப் பார்த்துக் கேட்பார், தம்பி பதில் சொல்வான், நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். பேச முடியாதவளிடம் யார் கேட்பார்கள்? எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு வாங்கித்தாருங்கள் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் தம்பிக்கே காய்ச்சல். வேறு வழியில்லாமல் நானே சிரிஞ்சை மாட்டினேன். பாதி சிந்தியது, ஆடையெல்லாம் பால். இருபது நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம். முடித்துவிட்டு நோட்டில் “200 மில்லி, நானே” என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அடுத்த நாளும் நானே என்றேன். தம்பிக்குக் கோபம். “சிந்துகிறாய், அளவு குறையும்.” உண்மை. குறையத்தான் செய்தது. ஒரு வாரத்துக்கு.

முதல் நாள் நீ கேட்டாயே, “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று யார் தலையிலோ கட்டுகிறார்கள் என்று. கட்டியது உன் தலையில். அப்பா தலை காலியாக இருக்கிறது. நான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் கணக்குப் போட்டுக் காட்டினேன், வீட்டுக்குள் யார் பங்கு எவ்வளவு என்று போடவில்லை.

எல்லாவற்றையும் இன்றே அவரிடம் தள்ளிவிடாதே. இந்த இரண்டு வாரம் அவருக்கு உண்மையிலேயே முடியாது. டியூப் உன்னிடமே இருக்கட்டும். எடையை மட்டும் அவரே பார்த்து அவரே எழுதட்டும். தப்பாக எழுதினாலும் நீ திருத்தாதே.

4 ஜூன் 2023

இந்தக் கேள்வி பதில் இழை வேறு பக்கம் போகிறது, போகட்டும். குரல்வளையை முழுக்க எடுக்கப் போகிறவர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் சொந்த அனுபவம் இல்லை. காத்திருக்கும் அறையில் பழக்கமான ஓர் அண்ணன் இருக்கிறார், பன்னிரண்டு வருடமாகக் கழுத்தால் மூச்சு விடுகிறார். அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

இந்த அறுவை புதிதல்ல. வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய்க்காக முதன்முதல் குரல்வளையை முழுதாக எடுத்தது 1873-ல். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே சின்ன வால்வு வைத்துப் பேச வைக்கும் முறை 1980 வாக்கில்தான் வந்தது. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழலுக்குள் போய்க் குரலாகும். அண்ணன் சொல்வார்: “உங்களுக்கு வாயை மூடினால் பேச்சு நிற்கும், எனக்குக் கழுத்தை மூடினால்தான் பேச்சே வரும்.”

அவர் தினமும் செய்வது: துளையைச் சுத்தம் செய்வது, வால்வைப் பிரஷ்ஷால் துலக்குவது, துளைமேல் மாட்டும் வடிகட்டியை மாற்றுவது. மூக்கு செய்துவந்த வேலையை, அதாவது காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவதை, அந்த வடிகட்டிதான் இப்போது செய்கிறது. மாட்டாமல் விட்டால் சளி கட்டி இருமலாகும். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வந்தால் வால்வு கசிகிறது, மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்தும் கெடும், சில மாதங்களுக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறார். குளிக்கும்போது துளைக்கு மறைப்பு. நீச்சல் கிடையாது.

மணம் போய்விடும் என்று பயந்தீர்கள். மூக்கு வழியாகக் காற்று போகாததால்தான் மணம் தெரிவதில்லை, மூக்கு கெட்டுவிடவில்லை. உதட்டை மூடிக்கொண்டு, சபையில் கொட்டாவியை மறைப்போமே, அதுபோல் தாடையைக் கீழே இறக்கினால் கொஞ்சம் காற்று மூக்கில் ஏறும். பழகினால் வரும். அண்ணனுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் தெரிந்த வாசனை அவருடைய சொந்தச் செருப்பு.

5 ஜூன் 2023

அண்ணன் படித்துவிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டாய் என்கிறார். பையில் எப்போதும் ஓர் அட்டை: “நான் கழுத்தால் மூச்சு விடுகிறேன். ஆக்ஸிஜனைக் கழுத்தில் வையுங்கள்.” அவசரத்தில் முகத்தில் வைத்தால் பயனில்லை. ஒருமுறை ஆம்புலன்ஸில் இவருக்கே அது நடந்திருக்கிறது. செருப்பு விஷயத்தை எழுதியதற்குத் தனியாகத் திட்டு.

30 ஜூலை 2023

சிகிச்சை முடிந்து பன்னிரண்டாவது வாரம் எடுத்த ஸ்கேன் சுத்தம்! இதைப் படித்தபோது கை தட்டினேன், பக்கத்தில் யாரும் இல்லை.

ஏன் இவ்வளவு நாள் காக்க வைத்தார்கள் என்று திட்டியிருந்தாய். சீக்கிரம் எடுத்தால் ரேடியேஷனால் வந்த வீக்கமும் புண்ணும் நோய் போலவே ஒளிரும், வீண் பயம்.

இனி உன் நோட்டில், இல்லை, அப்பாவின் நோட்டில், வேறு பத்திகள் வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் பட்டவருக்குத் தைராய்டு மெல்ல மந்தமாகலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சோர்வு, குளிர், எடை ஏறுவது எல்லாவற்றையும் கீமோ மேல் பழி போட்டு நான் ஒன்பது மாதம் ஓட்டினேன். தைராய்டுதான். பல்லுக்கு ஃபுளோரைடு, தினமும். எச்சில் இல்லாத வாயில் பல் சொத்தையாவது வேகமாக நடக்கும். யாராவது பல் மருத்துவர் பிடுங்கலாம் என்றால் கையை நீட்டித் தடுத்து, ரேடியேஷன் டாக்டரிடம் பேசுங்கள் என்று சொல்ல வேண்டும். ருசி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். எனக்கு முதலில் வந்தது கசப்பு.

14 செப்டம்பர் 2023

பதறாதே. மோவாய்க்குக் கீழே காலையில் பை போல் தொங்குகிறது, சாயங்காலம் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் நிணநீர் தேங்குவது. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து வரும். ஆனாலும் காட்டிவிடு, கட்டி இல்லை என்று கையால் தொட்டுப் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டும், நானில்லை. அதற்கென்று மென்மையாகத் தடவி வழிந்தோட வைக்கும் ஒரு முறை இருக்கிறது, கற்றுத்தருவார்கள். அழுத்திப் பிசைவதல்ல. தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொல்.

அப்பா தலை குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறது என்றாயே, அதுவும் எனக்கு வந்தது, நான்கு மாதம் இருந்து தானாகப் போனது. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடு.

இருமலைப் பற்றி நீ ஒரு வரியில் கடந்துவிட்டாய். “புரையேறுவதே இல்லை, அதனால் விழுங்குவது நன்றாக இருக்கிறது” என்று. அது அப்படியில்லை. உணர்ச்சி குறைந்த தொண்டையில் இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் போகும். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று ஒலிக்கிறதா கவனி. அடிக்கடி நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்தால் விழுங்குவதை எக்ஸ்ரேயில் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேள்.

15 செப்டம்பர் 2023

மார்ச்சில் அளந்தாயே, வாய் திறப்பு. எத்தனை? 44 என்று எழுதியிருக்கிறாய். இப்போது 34. 35-க்குக் கீழே போனால் வாய் இறுகிவிட்டது என்றுதான் கணக்கு. அதற்காகத்தான் அன்று அளக்கச் சொன்னேன். மூன்று விரல் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், உன் விரலும் அப்பா விரலும் ஒன்றல்ல, பத்து மில்லிமீட்டர் போனாலும் விரலுக்குத் தெரியாது.

எனக்கு 42 இருந்தது. பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் ஐந்து முறை நீட்டி, முப்பது நொடி பிடிக்க வேண்டும். தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, வாரம் ஒரு குச்சி கூட்டலாம். வலிக்கவில்லை, வாய் திறக்கிறது, எதற்கு என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் 27. டூத் பிரஷ்ஷைப் படுக்கவைத்துத்தான் உள்ளே விட முடிந்தது. அன்று பிடித்தது, இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாக ஏறுகிறது, விட்டால் உடனே இறங்குகிறது. இந்த இழையில் எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள் இரண்டு வாரமாகக் குச்சியைத் தொடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

7 ஜனவரி 2024

அப்பா எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்னிடம் பயிற்சி எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் மென்று, கவளத்துக்குக் கவளம் தண்ணீர் குடித்து, ஓரத்தில் வழிவதைத் துடைத்து, எல்லோரும் எழுந்தபின் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு வருடம் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும் செக்கப் ஒன்றில் ஒரு நர்ஸ் “யாரோடு சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அன்றுதான் மனநல ஆலோசகர் என்று ஒருவர் அதே கட்டடத்தில் இருப்பதே தெரிந்தது. அப்பாவிடம் கேட்டுப் பார், கட்டாயப்படுத்தாதே. அண்ணனோடு பேச விரும்பினால் சொல், அவர் தயார்.

நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். மேலே உன் குண்டு எழுத்து. செப்டம்பர் பாதியிலிருந்து கோணல் எழுத்து, வேறு பேனா. 34, 34, 33, ஒரு வாரம் காலி, 35, 36. காலியான வாரத்துக்கு எதிரே “செய்யவில்லை” என்று எழுதியிருக்கிறார். நீ திருத்தவில்லை.

பார்த்துவிட்டு எழுந்துபோய் நானும் அளந்தேன். 33. குச்சிக்கட்டு எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.